மஞ்சள் விளக்கும் மைலேஜும்

நான் வாங்கிய பழைய கார் 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பு; பெட்ரோல் வண்டி. கைக்கு வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு ஒட்டு தெரிந்தது. மின்கம்பிக்குச் சுற்றும் இன்சுலேஷன் டேப். உரித்தேன். அடியில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சாவகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "அது புகை சம்பந்தப்பட்ட விளக்கு சார். வண்டி ஓடுவதற்கும் அதற்கும் தொடர்பே கிடையாது" என்றார். குரலில் தயக்கம் துளியும் இல்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தக் கார் ஊருக்குள் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே காரை, அதே ஆண்டு வண்டியை வைத்திருக்கும் என் சகலை 15 எடுக்கிறார். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் எனக்கு 91 லிட்டர், அவருக்கு 67 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,400 ரூபாய் வித்தியாசம். தொடர்பே இல்லாத விளக்குக்கு அது கொஞ்சம் அதிக வாடகை.

புகையைக் கட்டுப்படுத்தும் உறுப்புகள் மைலேஜைத் தின்பவை என்ற நம்பிக்கை நம்மிடம் பரவலாக இருக்கிறது. அரசாங்கம் சொன்னதற்காகக் கம்பெனி மாட்டியது, கழற்றிப் போட்டால் வண்டி பறக்கும் என்று பட்டறை வாசலில் சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை. 1970களின் அமெரிக்கக் கார்களில், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் பழைய கருவி) வைத்த எஞ்சின்மேல் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அவசரமாக ஒட்டவைத்தபோது இழுவையும் மைலேஜும் குறைந்தது உண்மைதான். ஆனால் இன்றைய பெட்ரோல் வண்டியில் கதை தலைகீழ். எவ்வளவு பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்வதே புகையை முகர்ந்துபார்க்கும் ஓர் உறுப்புதான். அது கெட்டால் முதலில் கெடுவது உங்கள் பெட்ரோல் கணக்கு.

அடுப்பைப் பார்த்தால் எஞ்சின் புரியும்

கேஸ் அடுப்பு நீலமாக எரியும்போது பாத்திரத்தின் அடி சுத்தமாக இருக்கிறது. பர்னர் அடைத்துக்கொண்டு சுடர் மஞ்சளானால் அடி கரி பிடிக்கிறது. பால் பொங்கவும் நேரமாகிறது. எரிவாயு அதே அளவுதான் போகிறது, காற்றுதான் போதவில்லை. பாதி எரிந்த எரிபொருள் கரியாகப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

எஞ்சினுக்குள்ளும் இதே கணக்குதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கிலோவில் சொன்னால் மனத்தில் நிற்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிப்பதற்குள் சுமார் 9,000 லிட்டர் காற்றைக் குடித்துவிடுகிறது. மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் ஒன்பது தொட்டி.

காற்றுக் குறைந்து பெட்ரோல் கூடிப்போனால் அதை 'ரிச்' என்கிறார்கள் மெக்கானிக்குகள்; காற்றுக் கூடினால் 'லீன்'. ரிச்சாக ஓடும் எஞ்சினில் கார்பன் முழுதும் எரிந்து கார்பன் டை ஆக்சைடாக மாறாமல், ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவாகப் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கார்பன் முழுதாக எரிந்தால் கிடைக்கும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் இந்தப் பாதி வழிப் பயணத்தில் கிடைக்கிறது. மீதி வெப்பம் அந்த நச்சுவாயுவுக்குள்ளேயே பூட்டப்பட்டு சைலன்சர் வழியாக வெளியே போகிறது. மாசும் நட்டமும் இரண்டு பொருள்கள் அல்ல, ஒரே குழாயில் ஒரே மூலக்கூறாக வெளியேறுபவை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் மட்டுமே நோக்கம் என்றால் 14.7ஐவிடக் கொஞ்சம் லீனாக ஓட்டுவதுதான் லாபம். 14.7 என்ற புள்ளியைப் பிடித்துக்கொண்டு நிற்பது சைலன்சருக்கு முன்னால் இருந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் வசதிக்காக. அந்த அளவுக்குப் புகைக் கட்டுப்பாடு மைலேஜிடமிருந்து சிறிது வாங்கிக்கொள்கிறது என்பது சரிதான். ஆனால் பட்டறையில் எதையாவது கழற்றினால் அந்தச் சிறிது திரும்பக் கிடைத்துவிடாது. எதைக் கழற்றினோம் என்பதைப் பொறுத்து வண்டி ரிச் பக்கம் சாய்ந்துவிடவும் கூடும்.

ஆக்ஸிஜன் சென்சார் என்கிற சாட்சி

எஞ்சினிலிருந்து புகை வெளிவரும் குழாயில் ஸ்பார்க் பிளக் போன்ற தோற்றத்தில் ஒரு சிறு பொருள் திருகப்பட்டிருக்கும். அதுதான் ஆக்ஸிஜன் சென்சார். லாம்டா சென்சார் என்றும் சொல்வார்கள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இது, 1976இல் அமெரிக்காவுக்குப் போன வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. உள்ளே சிர்க்கோனியா என்ற பீங்கான். சில நூறு டிகிரி சூடானதும் இந்தப் பீங்கானின் இரு பக்கமும் இருக்கும் ஆக்ஸிஜன் வேறுபாடு ஒரு சிறு மின்னழுத்தமாக மாறுகிறது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால் 0.1 வோல்ட் பக்கம், இல்லாவிட்டால் 0.9 வோல்ட் பக்கம்.

எஞ்சினின் கணினி இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 0.9 வந்தால் பெட்ரோலைக் குறைக்கிறது, 0.1 வந்தால் கூட்டுகிறது. ஓடும் வண்டியில் இந்த இழுபறி ஓயாமல் நடக்கிறது. தராசு முள் நடுவில் நிற்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டே சராசரியில் சரியாக இருப்பதுபோல.

வயதாகிவிட்ட சென்சார் உடனே செத்துப்போவதில்லை, சோம்பல்படுகிறது. நிலைமை மாறி வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறக்கிறது. அதற்குள் கணினி தேவைக்கு மேல் ஊற்றிவிட்டிருக்கும். சென்சார் முற்றாகப் போய்விட்டால் கணினி அதன் பேச்சை நம்புவதை விட்டுவிட்டு, நினைவில் வைத்திருக்கும் பொதுக் கணக்கின்படி ஊற்றத் தொடங்கும். எஞ்சினுக்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கணக்கு தாராளக் கை உள்ள கணக்காகத்தான் இருக்கும்.

எவ்வளவு நட்டம்? அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன அறிவுரைகளில் இரண்டு எண்கள் உண்டு. புகைச் சோதனையில் தோற்ற அல்லது ட்யூனிங் கெட்ட வண்டியைச் சரிசெய்தால் சராசரியாக 4 சதவீதம் மைலேஜ் கூடும். ஆக்ஸிஜன் சென்சார் கெட்டது போன்ற பெரிய கோளாறைச் சரிசெய்தால் 40 சதவீதம் வரைகூடக் கூடலாம். இணையத்தில் இந்த 40ஐ மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அது உச்சவரம்பு. உங்கள் வண்டி எங்கே நிற்கும் என்பது எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

என் கதைக்கு வருகிறேன். மஞ்சள் விளக்கைக் கண்டதும் ஒரு பட்டறைக்குப் போனேன். கணினியில் இருந்த பிழை எண் பி 0171. 'கலவை மிகவும் லீன்' என்று பொருள். "ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது" என்றார்கள். சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிதாக மாட்டினேன். எட்டாவது நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது. அதே 0171.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சென்சார் பொய் சொல்லவில்லை. எஞ்சினும் புகைக்குழாயும் சேருமிடத்தில் கேஸ்கெட் (கசிவில்லாமல் இணைப்பை அடைக்கும் தகடு) கருகி, மயிரிழை போல ஓர் இடைவெளி விழுந்திருந்தது. புகை துடிப்புத் துடிப்பாகத்தான் வெளிவரும். இரண்டு துடிப்புக்கு நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது அந்த இடைவெளி வெளிக்காற்றை உள்ளே இழுத்தது. அந்தக் காற்றின் ஆக்ஸிஜனைச் சென்சார் முகர்ந்தது. "லீன்" என்றது. கணினி பெட்ரோலைக் கூட்டியது. காற்று மறுபடி உள்ளே வந்தது. கணினி மறுபடி கூட்டியது. உண்மையில் லீனாகவே இல்லாத எஞ்சினுக்குப் பல மாதமாக அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது என் கார்.

இந்த உறுப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அது பெட்ரோலை அளப்பதில்லை, ஆக்ஸிஜனை மட்டுமே அளக்கிறது. ஒரு ஸ்பார்க் பிளக் எரிக்கத் தவறினால், எரியாத பெட்ரோலோடு பயன்படாத ஆக்ஸிஜனும் சேர்ந்தே வெளியே வரும். சென்சார் அதையும் "லீன்" என்றுதான் படிக்கும். ஏற்கெனவே பெட்ரோல் வீணாகும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லும் சாட்சி! ஆகவே விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றாதீர்கள். முதலில் குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, முன்பக்கத்தில் 'டப் டப்' என்று புகை கசியும் ஓசை வருகிறதா என்று கேளுங்கள். என் காரில் அந்த ஓசை வந்துகொண்டுதான் இருந்தது. பழைய வண்டியென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேஸ்கெட்டின் விலை சில நூறு ரூபாய். கழற்றி மாட்டிய கூலி அதைப் போலப் பல மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

சென்சாரை அகால மரணம் அடையச் செய்பவை வேறு சில. கேஸ்கெட் இடுக்கில் பூசும் சாதாரண சிலிக்கோன் பசை அதில் முக்கியமானது. அதன் ஆவி சென்சாரின் முனையில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். சென்சாருக்குக் கேடு செய்யாதது என்று உறையில் குறித்த பசைகள் தனியாக உண்டு. எஞ்சின் வேலை செய்யும்போது அதைத்தான் கேட்க வேண்டும். எண்ணெய் குடிக்கும் எஞ்சின், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கசிந்து எரியும் எஞ்சின், கலப்படப் பெட்ரோல் ஆகியவையும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

தேன்கூட்டைக் கொல்வது எப்படி

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தமிழில் வினையூக்கி மாற்றி என்று பாடநூல்கள் சொல்கின்றன. தகரக் கூட்டுக்குள் தேன்கூடு போன்ற பீங்கான். அதன் சுவர்களில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாக. சுமார் 250 முதல் 300 டிகிரி சூடானதும் இது விழித்துக்கொண்டு, கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் ஒருசேரத் தீங்கற்றவையாக மாற்றுகிறது.

இந்தியாவில் இது வந்தது 1995 ஏப்ரலில். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. அதே நேரத்தில்தான் ஈயம் கலக்காத பெட்ரோலும் அந்த நகரங்களுக்கு வந்தது. ஈயம் இந்தப் பூச்சின்மேல் படிந்தால் கன்வெர்ட்டர் கல்லுக்குச் சமம். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது.

நல்ல கன்வெர்ட்டர் மைலேஜைக் கூட்டாது. எஞ்சின் வேலையை முடித்து அனுப்பியதைச் சுத்தம் செய்கிறது, அவ்வளவே. ஆனால் கெட்ட கன்வெர்ட்டர் மைலேஜைக் கொல்லும். தேன்கூடு உருகியோ உடைந்தோ அடைத்துக்கொண்டால் புகை வெளியேற முடியாது. பழைய மூச்சை முழுதும் விட முடியாத எஞ்சின் புதிய மூச்சை இழுக்க முடியாது. மூக்கடைப்போடு மாடிப்படி ஏறுகிறவன் நிலைதான். ஊருக்குள் நன்றாகப் போகும் வண்டி, நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டச் சொன்னால் திணறும். நீங்கள் இன்னும் மிதிப்பீர்கள். பெட்ரோல் போகும், வேகம் வராது.

கன்வெர்ட்டர் பெரும்பாலும் இயற்கை மரணம் அடைவதில்லை. எரியாத பெட்ரோல் உள்ளே போய், சிவந்த தேன்கூட்டின் மேல் பட்டு, அங்கேயே எரிகிறது. வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டினால் பூச்சு கெடும்; இன்னும் ஏறினால் பீங்கானே உருகும். தேய்ந்த ஸ்பார்க் பிளக்கை 'இன்னும் ஒரு சர்வீஸ் ஓடட்டும்' என்று விட்டுவைப்பது இதற்கான நேர்வழி. பேட்டரி இறங்கிய காரை நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யும் நம் பழக்கமும் அப்படித்தான். எரியாத பெட்ரோல் அப்போது குழாய்க்குள் போகிறது. வேறு வண்டியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் கம்பி போட்டு ஸ்டார்ட் செய்வதே மேல். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்காகக் கம்பியை உருவி 'எது எரியவில்லை' என்று பார்க்கும் பழைய பட்டறை வித்தையும் கார்புரேட்டர் காலத்தோடு போயிருக்க வேண்டியது.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் இந்த வாரம் பாருங்கள் என்று பொருள். கண் சிமிட்டினால் பொருளே வேறு: எஞ்சின் எரிக்கத் தவறிக்கொண்டிருக்கிறது, கன்வெர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது. பல கார்களின் கையேட்டிலும் இந்த வேறுபாடு எழுதியிருக்கிறது. ஓரமாக நிறுத்துங்கள். புதுக் கன்வெர்ட்டரின் விலையைக் கேட்டவர்கள் இந்த அறிவுரையை மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

அடைத்த கன்வெர்ட்டரின் உள்ளே கம்பியை விட்டு இடித்து, வெறும் கூட்டைத் திரும்ப மாட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். புகை, ஒலி வரம்பை மீறி ஓடும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது என்பது ஒரு பக்கம். கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஓர் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே மாதிரி ஆட ஆரம்பித்தால் கணினிக்கு உடனே தெரிந்துவிடும். மஞ்சள் விளக்கு நிரந்தரமாக எரியும். பிறகு வேறொரு கோளாறு வந்தால் அதைச் சொல்ல விளக்கு மிச்சமில்லை.

புகைப் பட்டியலில் வராத தெர்மோஸ்டாட்

எந்தப் புத்தகமும் இதைப் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளில் சேர்ப்பதில்லை. ஆனால் நம் பக்கத்தில் மைலேஜைத் திருடுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி.

எஞ்சின் 85, 90 டிகிரிச் சூட்டை எட்டும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். எஞ்சின் ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டால் சில மெக்கானிக்குகள் செய்யும் முதல் வேலை அதைக் கழற்றி எறிவது. "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 38 டிகிரி வெயிலும் எஞ்சினுக்குக் குளிர்தான். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலைக் காற்றில் 60, 70 டிகிரியைத் தாண்டாமலே ஓடக்கூடும். வெப்பச் சென்சார் 'இன்னும் சூடாகவில்லை' என்று சொல்ல, கணினி காலை நேரத்துக் கணக்கில் கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். ஆறிய எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உராய்வும் அதிகம். வெப்ப முள் பாதிக்குக் கீழேயே படுத்துக்கிடந்தால், பழைய கார் வாங்கியவர்கள் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பது நல்லது. இதற்கான பிழை எண் பி 0128.

பங்க்கில் ரவுண்டாக்கும் பழக்கம்

டாங்க் நிரம்பியதும் குழாய் 'டக்' என்று தானாக நின்றுவிடுகிறது. மீட்டரில் 1,937 ரூபாய். "இரண்டாயிரமாக ரவுண்ட் செய்துவிடுங்கள்" என்கிறோம். அவரும் குழாயைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து விளிம்பு வரை ஊற்றுகிறார்.

டாங்க்கின் மேற்பகுதி வெற்றிடமாக இருப்பது காரணமில்லாமல் அல்ல. அங்கே திரளும் பெட்ரோல் ஆவி ஒரு கரித்தூள் டப்பாவுக்குப் போகிறது. கேனிஸ்டர் என்று பெயர். வண்டி ஓடும்போது ஒரு வால்வு திறந்து, கரி பிடித்து வைத்திருக்கும் ஆவியை எஞ்சினுக்கு அனுப்புகிறது. காற்றில் போக வேண்டிய பெட்ரோல் எரிந்து வேலை செய்கிறது. நேரடியாகப் பெட்ரோலை மீட்டுத் தரும் புகைக் கட்டுப்பாட்டு உறுப்பு இது.

விளிம்பு வரை நிரப்பினால் ஆவிக்குப் பதில் பெட்ரோலே அந்தக் கரியில் போய் ஊறும். ஊறிய கரி பிறகு உதவாது. அதன் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டாலோ, ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது) எஞ்சின் தள்ளாடும்; பெட்ரோல் போட்டுவிட்டு வந்து சாவியைத் திருகினால் உடனே பிடிக்காது. அந்த 63 ரூபாயைச் சில்லறையாக வாங்கிக்கொள்ளுங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள்.

மற்றவை

எஞ்சினின் அடிவயிற்றில் கசியும் ஆவியை மீண்டும் எரியவிடும் பி.சி.வி. வால்வு ஒரு சின்ன விஷயம். 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் வந்த, கார்களின் முதல் புகைக் கட்டுப்பாட்டு உறுப்பு. திருகி எடுக்கும் வகையாக இருந்தால் கழற்றிக் குலுக்குங்கள். உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் மாற்றுங்கள், அதோடு சேர்ந்த ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வெடிப்பின் வழியே கணக்கில் வராத காற்று போவதும் பி 0171க்கு ஒரு காரணம்.

ஏர் ஃபில்டரைப் பற்றி எல்லோரும் நம்புவதற்கு மாறாக ஒன்று சொல்ல வேண்டும். கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் உள்ள காரில் அழுக்கு ஃபில்டர் மைலேஜை அதிகம் பாதிப்பதில்லை. உள்ளே வரும் காற்றைக் கணினி அளக்கிறது. காற்றுக் குறைந்தால் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. குறைவது இழுவை. கார்புரேட்டர் வண்டியில் நிலைமை வேறு; அங்கே அடைத்த ஃபில்டர் சோக் இழுத்துவிட்டு ஓட்டுவதற்குச் சமம். எப்படியும் நம் சாலைப் புழுதிக்கு ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை மாற்றிவிட்டு மைலேஜ் ஏறும் என்று காத்திருக்காதீர்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்குத் தலைவலி இரண்டு. புகையின் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றுவிட்டால் கரும்புகையும் மந்தமும் வரும். தகடு வைத்து அடைப்பதற்குப் பதில் கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும். இரண்டாவது, 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் எனப்படும் புகை விதிகளின் ஆறாம் கட்டம்) வந்த பிறகு டீசல் கார்களில் இடம்பிடித்த டி.பி.எஃப். என்னும் கரி வடிகட்டி. சேர்ந்த கரியை எரிக்க அது ஏறத்தாழ 600 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அதற்காகக் கணினி கூடுதல் டீசலைச் செலவழிக்கிறது. தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினால் எரிப்பு பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். டீசல் வீணாவதோடு அதில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெயிலும் கலக்கும். வாரம் ஒருமுறை புறவழிச்சாலையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டுவது இதற்கு நல்லது. உங்கள் ஓட்டம் முழுதும் ஊருக்குள்தான் என்றால் டீசல் கார் உங்களுக்கு வேண்டாம். அதை வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பி.எஸ். 6 பைக்கிலும் ஸ்கூட்டரிலும் பெரும்பாலும் இன்ஜெக்ஷன், ஆக்ஸிஜன் சென்சார், கன்வெர்ட்டர், கேனிஸ்டர் எல்லாமே குட்டி வடிவில் இருக்கின்றன. சத்தத்துக்காகச் சைலன்சரை மாற்றுபவர்கள் கன்வெர்ட்டரையும் சேர்த்தே கழற்றிவிடுகிறார்கள். எஞ்சினைக் கம்பெனியில் ட்யூன் செய்தது பழைய சைலன்சரின் தடையை வைத்து என்பதால், இழுவையும் மைலேஜும் கூடிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

புகைச் சான்றிதழை ஒருமுறை படியுங்கள்

பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அந்தத் தாளை, போலீஸ் கேட்டால் காட்டத்தான் என்று மடித்து வைத்துவிடுகிறோம். அதில் உங்கள் எஞ்சினின் ரத்தப் பரிசோதனை முடிவு இருக்கிறது.

பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 200 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 200 பங்கு. போன ஆண்டு 0.02 இருந்தது இந்த ஆண்டு 0.25 என்றால் 'பாஸ்' என்றுதான் அச்சாகும். ஆனால் ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நல்ல கன்வெர்ட்டர் எஞ்சினின் தவறை ஓரளவு மூடி மறைக்கும். கொஞ்சம் ரிச்சாக ஓடினாலும் எண் பெரிதாக ஏறாது. மறைக்க முடியாதது லாம்டா: காற்று சரியான அளவில் இருந்தால் ஒன்று என்று காட்டும் எண். எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்துச் சோதிக்கும்போது அது 0.97க்கும் 1.03க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே தொடர்ந்து சரிந்தால் ரிச். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லாமலே தாளைக் கையில் கொடுத்தால், அந்தக் கட்டத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 ஊசித் துளை ஓ.பி.டி. இணைப்பில் (எஞ்சின் கணினியின் தகவலைப் படிக்கும் இடம்) செருகும் சிறு கருவி. ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. புளூடூத் வழியே கைப்பேசியில் எல்லாவற்றையும் காட்டும். அதில் 'ஃப்யூயல் டிரிம்' என்ற வரியைத் தேடுங்கள். கணினி தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் பதிவு அது. இரு பக்கமும் 10க்குள் இருந்தால் நலம். என் காரில் பிளஸ் 19 காட்டியது. அந்தப் பட்டறையில் இந்த வரியைப் பார்த்திருந்தால், நல்ல சென்சாரைக் கழற்றும் முன் காற்று எங்கே நுழைகிறது என்று தேடியிருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. மைலேஜ் குறைந்தால் எல்லாவற்றுக்கும் உறுப்பைக் குற்றம் சொல்லிவிட முடியாது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால், ஆற்றல் கணக்கில் மட்டும் 6, 7 சதவீதம் இறக்கம் வரும். எந்தச் சென்சாரை மாற்றியும் அதைத் திரும்பப் பெற முடியாது.

மைலேஜை டாஷ்போர்டு காட்டும் எண்ணை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஒரே பங்க், ஒரே குழாய், முதல் 'டக்' வரை நிரப்புங்கள், கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், டாங்க் பாதிக்குக் கீழே வந்ததும் மறுபடி அதே குழாயில் முதல் 'டக்' வரை. ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். பழுது பார்த்துப் பிழை எண்ணை அழித்த பிறகு கணினி புதிதாகக் கற்றுக்கொள்ளச் சிறிது ஓட்டம் வேண்டும். அதனால் முதல் டாங்க்கைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டாவதிலிருந்து பாருங்கள்.

கேஸ்கெட் மாற்றிய பின் என் காரின் இரண்டாவது டாங்க் 14.2 காட்டியது. மூன்றாவது 14.6. சகலையின் 15ஐ இன்னும் எட்டவில்லை. டயரில் காற்றை அவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்கிறாராம்; நான் எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை.